பொறுங்க மெக்கானிக்கும் சூடேறிய காரும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் புழங்குகிற பெயர் ‘பொறுங்க’. எந்தக் கார் வந்து நின்றாலும், சொந்தக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிடுகிற முதல் வார்த்தை அது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதையே சொல்லி, பதினோரு நாள் கழித்துத்தான் தலையை ஆட்டினாராம். வீட்டில் அவரை எதற்காவது அவசரப்படுத்த வேண்டுமென்றால் அவர் மனைவி இன்றைக்கும் “அந்தப் பதினோரு நாள்” என்று மட்டும் முணுமுணுப்பார். காரியம் உடனே நடந்துவிடும்.

அவருடைய ஒர்க்‌ஷாப் ஒரு நீளமான தகரக் கொட்டகையில் பாதி. மீதிப் பாதி மனைவியின் தம்பியுடையது. நடுவில் சுவர் கிடையாது, பழைய டயர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மச்சினன் பக்கம் மூன்று கார்கள் வேலை முடிந்து வெளியேறும் நேரத்தில், இவர் பக்கம் ஒரு கார் இன்னும் யோசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அப்படி வெளியேறிய மூன்றில் ஒன்று, அடுத்த வாரம் டயர் வரிசையைச் சுற்றிக்கொண்டு இவர் பக்கம் வந்து நிற்கும். இதைப் பற்றி மாமாவும் மச்சினனும் பேசிக்கொள்வதில்லை. குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டிரைவிங் ஸ்கூல் டீச்சரின் கார் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. பத்தொன்பது வயதான கார். அதில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவருக்கு, இன்னொன்று அவரை நம்பாத டீச்சருக்கு. அந்த ஸ்கூலுக்கு வேறு கார் கிடையாது. சொல்லப்போனால், பலகையைக் கழற்றிவிட்டால் ஸ்கூலே அந்தக் கார்தான். முந்தின நாள் பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தபோது, சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய், முன்னால் ஆவி கிளம்பிவிட்டது.

பொறுங்க கை கழுவிவிட்டு வருவதற்குள் மச்சினன் டயர்களைத் தாண்டி வந்து, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்துவிட்டான். மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஏதோ ஆடையாகப் படிந்திருந்தது.

“காலையில சைலன்சர்ல வெள்ளப் புகை வருதா டீச்சர்?”

“வருது.”

“தண்ணி குறையுதா?”

“ரெண்டு நாளைக்கு ஒரு பாட்டில் ஊத்துறேன்.”

“கீழ சொட்டுதா?”

“ஒரு சொட்டு கூட இல்ல.”

“அப்புறம் என்ன. ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. ஹெட்டக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும். பன்னெண்டு நாள் ஆகும்.”

ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கிடக்கும் மெல்லிய தகடு. நெருப்பு, தண்ணீர், ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று பேசவிடாமல் வைத்திருப்பது அதன் வேலை. பெரிய குடும்பங்களில் அப்படி ஒரு ஆள் எப்போதும் இருப்பார். அவர் படுத்துவிட்டால்தான் அருமை தெரியும்.

டீச்சர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். “வியாழக்கிழமை நாலு பேருக்கு லைசன்ஸ் டெஸ்ட் இருக்கு. இந்தக் கார்ல பழகுனவங்களத் திடீர்னு வேற கார்ல உக்கார வச்சா, ஸ்டார்ட் பண்றதுக்கே திணறுவாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு ஸ்கூல் வேற வந்திருக்கு, ஏசி காரோட. நாலு பேரும் பெயிலானா அடுத்த மாசம் என்கிட்ட யாரு வருவா?”

“அப்படியே ஓட்டுனா என்ஜினே போயிரும் டீச்சர்,” என்றான் மச்சினன். அவன் கையில் அதற்குள் ஸ்பேனர் வந்திருந்தது.

“பொறுங்க,” என்றார் பொறுங்க.

அந்த வார்த்தைக்கு ஒரு முன்கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், இதே புகையையும் இதே ஆடையையும் பார்த்து ஒரு டாக்சியின் ஹெட்டைக் கழற்றினார். உள்ளே கேஸ்கெட் புத்தம் புதிதாக அவரைப் பார்த்துச் சிரித்தது. பழைய போல்ட்டுகளில் இரண்டு உள்ளேயே முறிந்துபோக, ஓடிக்கொண்டிருந்த டாக்சி அதற்கப்புறம் ஓடவேயில்லை. டாக்சிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பொறுங்க இப்படி ஆகியிருக்க மாட்டார் என்பது அவர் மனைவியின் கணிப்பு.

முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் கறுப்பாக, தெளிவாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் ஆடை மூடியோடு நிற்காது, இங்கேயும் வந்திருக்கும். அப்புறம் ஆறிக்கிடந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். கேஸ்கெட் போயிருந்தால் வர வேண்டிய குமிழி வரவில்லை. நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருந்த காற்றை உறிஞ்சினார். என்ஜின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். கால் மணி நேரம் ஆகியும் நீலம் நீலமாகவே இருந்தது.

“என்ன மாமா, டாக்டர் ரிப்போர்ட் வந்துருச்சா?” டயர் வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“வரும் மாப்ள. நீ ஸ்பேனரக் கீழ வை, கை வலிக்கும்.”

நான்கு பிளக்குகளையும் கழற்றினார். எதிலும் ஈரமில்லை. பிளக் இருந்த ஓட்டைகளில் மீட்டரைத் திருகி அழுத்தம் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. கேஸ்கெட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தபோது, பம்பின் முள் மெல்ல மெல்ல இறங்கியது. தண்ணீர் எங்கேயோ போகிறது. காருக்கு அடியில் விரித்த அட்டையோ காய்ந்து கிடந்தது.

நல்ல கேஸ்கெட்டை நல்லது என்று சொல்வது சுலபம். ‘வேறு என்ன?’ என்று கேட்டால் சொல்ல வேண்டுமே. டீச்சர் ஸ்டூலிலிருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் தோன்றாமல் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். உள்ளே மிட்டாய் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. முன் கண்ணாடியை விரலால் தடவினார். பிசுபிசுத்தது.

“இந்தக் கண்ணாடி எப்பவும் இப்படித்தான் மங்குமா டீச்சர்?”

“அது பசங்க பயத்துல விடுற மூச்சு. ரிவர்ஸ் போடச் சொன்னாலே கண்ணாடி மங்கிரும்.”

“உங்க சீட்டுக்குக் கீழ மேட் நனைஞ்சிருக்கே.”

“என் தண்ணி பாட்டில் ஒழுகும். மூடி சரியில்ல. போன மாசம்தான் பாட்டில மாத்துனேன்.”

“மாத்துனதுக்கு அப்புறம்?”

“அதுவும் ஒழுகுதுன்னு நெனச்சேன்.”

பொறுங்க மேட்டைத் தூக்கி, அடியிலிருந்த விரிப்பின்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து அழுத்தினார். காகிதம் பச்சையாக வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற, இனிப்பாக மணக்கும் கூலன்ட்டின் அதே பச்சை.

அந்த மாதிரிக் கார்களில் டேஷ்போர்டுக்குள் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் என்ஜின் தண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டிருக்கும். அது பொத்துப்போய், டீச்சரின் காலடியில் மாதக்கணக்காகக் கசிந்திருக்கிறது. தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறியிருக்கிறது. மூடியில் படிந்த ஆடை, வண்டியைப் பத்துப் பத்து நிமிடமாக மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டியதால் என்ஜினுக்குள் தங்கிப்போன ஈரம். காலைப் புகையும் அதே ஈரம்தான்.

மச்சினன் வந்து பச்சைக் காகிதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஹீட்டரா இருக்கும்னு எனக்கும் தோணுச்சு மாமா.”

“எப்போ?”

“இப்பத்தான்.”

சொல்லிவிட்டு, கேட்காமலேயே தன் பக்கம் போய், அளவான ஒரு வளைந்த ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் எடுத்து வந்தான். ஹீட்டருக்குப் போகும் குழாய்களைக் கழற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் திரும்பிவிடும்படி அந்தக் குழாயைக் குறுக்கே மாட்டினார்கள். முக்கால் மணி நேர வேலை. அதில் அரை மணி நேரம், கிளிப்பை எந்தப் பக்கம் பார்த்துத் திருப்புவது என்ற வாக்குவாதம்.

பாலத்து ஏற்றத்துக்குப் பொறுங்கதான் ஓட்டினார். டீச்சர் பழக்கதோஷத்தில் தன் இடத்தில் தன் பிரேக்கோடு உட்கார்ந்துகொண்டார்.

“இண்டிகேட்டர்.”

“தெருவுல ஆளே இல்லையே டீச்சர்.”

“போடுங்க. கிளச்சுல எதுக்குக் கால வச்சே இருக்கீங்க? எத்தன வருஷமா இப்படி ஓட்டுறீங்க?”

“முப்பது.”

“தெரியுது.”

ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி எடுத்தார். இறங்கி வந்து மறுபடி ஏறினார். மூன்றாவது முறை ஏறும்போது டீச்சர் கிளச்சை மறந்துவிட்டார். ஊசியையே பார்த்தார். அது நடுக்கோட்டுக்கு வந்து, அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம் எதிர்வெயிலில் ஓடவிட்டும் அசையவில்லை.

“வியாழக்கிழமை ஓடுமா?”

“ஓடும். ஹீட்டர மட்டும் அப்புறம் மாத்திக்கலாம்.”

டீச்சர் செல்போனை எடுத்தார். டெஸ்டுக்குப் போகும் நால்வரில், ஏற்கெனவே மூன்று முறை தோற்ற ஒரு தையல்காரர் இருந்தார். முதல் அழைப்பு அவருக்கு.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துருங்க, ஏத்தத்துல பழகணும். ஆமா, கார் சரியாயிருச்சு.”

“அதுக்குள்ளயா?” என்றது மறுமுனை. கார் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த மனிதர் நிம்மதியாக இருந்திருக்கிறார் போலும்.