அவள் போட்ட சத்தம்

மகள் ஏழாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் சாயங்காலம் இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘ஹல்லபலூ’ன்னா என்னப்பா என்றாள். அகராதியைப் பார்த்துக் கூச்சல், அமளி என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. அந்நேரம் வாசலில் என் மனைவி, முந்தின நாள் வாங்கிய முருங்கைக்காய் முற்றல் என்று காய்கறி வண்டிக்காரரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனையூரில் எங்கள் தெரு முழுக்க அந்த முருங்கைக்காய் விவகாரம் தெரிந்துவிட்டது.

“அந்தா கேக்குதுல்ல, அதுதான்” என்றேன்.

பிள்ளை அப்படியே நோட்டில் எழுதிவிட்டது: ஹல்லபலூ என்றால் எங்கம்மா பேசுவது. டீச்சர் கூப்பிட்டு விசாரித்தார். ரெண்டு நாள் என் மனைவி என்னை வறுத்தெடுத்துவிட்டாள்.

“கொஞ்சம் மெதுவாப் பேசேன், மானம் போகுது” என்று இருபத்தைந்து வருஷம் சொன்னவன் நான். என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க.

போன வருஷம் அவள் கழுத்தில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். எட்டு மாதம் ஆயிற்று, காற்றுதான் வருகிறது. கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள், அம்மாவோடு பேச முடியாமல் போனில் என்னிடம் அழுகிறாள்.

“என்னண்ணே, அக்கா ஊர்ல இல்லையா? தெருவே செத்துக் கெடக்கு” என்றார் வண்டிக்காரர்.

ஒரு தடவை அவள் என்னைத் திட்டினால் போதும் என்று இருந்தது. கூறுகெட்ட வேலை ஒன்றை ஆரம்பித்தேன். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டேன். செருப்போடு அடுப்படிவரை போனேன். காபி டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டேன். முன்பெல்லாம் இதில் ஒன்றுக்கே அவள் போடுகிற சத்தம் மெயின் ரோட்டுக்குக் கேட்கும். இப்போது பேசாமல் எடுத்து வைத்தாள், துடைத்தாள், போனாள்.

நேற்றும் ஈரத்துண்டைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். துண்டை எடுத்தவள் நின்று என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, என் காதில் வாயை வைத்தாள்.

“வேணும்னேதான பண்றீக?”

“ஆமா” என்றேன். “வையி. நல்லா வையி.”

அவளுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, என் அப்பா, சித்தப்பா வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் இழுத்து வைதாள். அவள் முடிக்கிறவரை நான் கண்ணை எடுக்கவில்லை.