மெஷினுக்கு ஏலாது

கொழும்பு வெள்ளவத்தையில் வாராவாரம் ஒரு நடனப் பட்டறை நடத்தினோம். கேமராவின் முன் ஆடினால், நான் எழுதிய புரோகிராம் அந்த அசைவைத் திரையில் கோடுகளாக வரையும். அபாயா அணிந்து வந்த ஃபரீனா ஆடியபோது மட்டும் திரை வெறுமையாகவே இருந்தது.

“முழங்கால் தெரியவேணும். உடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ,” என்றேன், எல்லோருக்கும் கேட்க.

அவர் உடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “கை தெரியுதுதானே தம்பி. கையால மட்டும் ஆட ஏலாதா?”

“மெஷினுக்கு ஏலாது.”

பொய். அத்தனை பேர் முன்னால் என் பிழையைத் திருத்த எனக்குத்தான் மனம் வரவில்லை.

அவர் சுவரோரம் அமர்ந்து, முடியும்வரை மற்றவர்களுக்குத் தாளம் போட்டார். அவர் போனபின், முழங்கால் தெரிந்தால்தான் வரையவேண்டும் என்று புரோகிராமில் நான் எழுதியிருந்த ஒரு வரியை மாற்றிவிட்டு, கைகளை மட்டும் அசைத்துப் பார்த்தேன். திரை நிறைந்தது.

அடுத்த கிழமைப் பட்டறைக்கு அவர் வரவில்லை. இப்போதும் யாராவது மெஷின்மேல் பழி போட்டால், எனக்கு அந்தத் தாளம்தான் கேட்கிறது.