மில்லில் எனக்கு வைத்த பேர்

ராஜபாளையம் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. என் சூப்பர்வைசருக்கு அதில் பத்து வயதாவது குறைவு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். இதுவா எனக்கு மேலதிகாரி என்று முதல் நாளே மனதுக்குள் முறைத்துக்கொண்டேன். வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். இந்த வேலையும் போனால் கொழுந்தன் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அறுந்த நூலை ஓடுகிற மெஷினிலேயே பிடித்து ஒட்ட வேண்டும். நான் ஒன்றை ஒட்டுவதற்குள் பக்கத்தில் நாலு அறுந்து தொங்கும். அந்தப் பெண் திட்டவில்லை. தினமும் காலையில் என் பக்கத்தில் வந்து நின்று, கண்ணுக்குப் பிடிபடும்படி மெதுவாக ஒட்டிக் காட்டுவாள். இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். டீ நேரத்தில் அதையும் சொல்லிக்கொடுத்தாள். மீசையை நீவினால் மேனேஜர். மூக்குக்கு மேல் தட்டினால் அவளே. ஆளுக்கொரு ஜாடைதான் அங்கே பேர். எனக்கு என்ன ஜாடை என்று கேட்டேன்.

“கொஞ்ச நாளு போகட்டும்க்கா. நிக்காமப் போறவுகளுக்குப் பேரு வைக்க மாட்டோம்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டேன். கைக்கு நூல் பழகப் பழக வேலைமேல் ஒரு பிடிப்பு வேறு வந்துவிட்டது. பயமும் கூடவே கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே, இன்றைக்கு அனுப்பிவிடுவார்களோ என்றிருக்கும்.

ஒருநாள் மேனேஜரும் அவளும் தூரத்தில் நின்று என்னையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, உச்சந்தலையில் கையைக் குவித்துக் காட்டி, வா என்று ஜாடை செய்தாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் பார்த்தேன். யாருமில்லை. பக்கத்து மெஷின்காரியும் என்னைப் பார்த்து அதே மாதிரி கையைக் குவித்தாள். மில்லில் போடும் தொப்பிக்குள் அடங்காமல் புடைத்திருந்த என் கொண்டைக்கு அப்போதுதான் என் கை போனது. அழுகை வந்துவிட்டது.

சூப்பர்வைசர் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னாள்: “உங்கள வேலையில வச்சுக்கிடச் சொல்லிட்டேன்க்கா. என்னைய நாளையிலருந்து வேற ஷிப்ட்டுக்கு மாத்திட்டாக. நீங்க பாத்துக்கிடுவீக.”

பார்த்துக்கொள்வேனா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் விடிகாலையில் கண்ணாடி முன்னால் நின்று கொண்டையைத் திரும்பத் திரும்ப அவிழ்த்து முடிந்தேன். அது கொஞ்சம் சரிந்தாலும் அங்கே என்னைக் கூப்பிட யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.