காந்தத்துக்கு முன்னால் சொன்ன பதில்

பலெர்மோவில் நான் வேலை செய்த வீடுகளில் எனக்கு அதிகம் பிடித்தது லிபெர்த்தா வீதியில் இருந்த அந்த மூன்றாம் மாடி வீடுதான். வீட்டுக்கார அம்மாவை சிஞ்ஞோரா என்பேன்; அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சமைப்பது, உடுப்புகளை அயன் பண்ணுவது என் வேலை. அவருடைய மகள் மருத்துவர், வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். பெண் மருத்துவரை இங்கே தொத்தோரெஸா என்பார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். மாநாடு ஏதாவது வந்தால் அவர் தன் பேச்சை முதலில் தாய்க்கு முன்னால் பேசிப் பார்ப்பார். தாய் மடிக்கணினியில் இரண்டு மூன்று படம் மாறுவதற்குள்ளேயே உறங்கிவிடுவார். மிச்சத்தை அயன் பண்ணிக்கொண்டு நான் கேட்பேன். அக்குபங்சர் ஊசி குத்தும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு ஏதாவது தெரியுமென்றால், அதற்குக் காரணம் சிஞ்ஞோராவின் நித்திரைதான்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் இருக்கும். மடிக்கணினியில் சாம்பல் நிற மூளை ஒன்று வரும், அதில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். மூளையை அப்படியே போட்டோ பிடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லையாம். மூளையில் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் போகும். அந்த மாற்றத்தைக் காந்த இயந்திரம் பிடிக்கும். பல பேருடைய அளவுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கடைசியில் கணினிதான் நிறம் பூசுகிறது. அப்படியென்றால் இது யாருடைய மூளை என்று கேட்டேன். யாருடையதும் இல்லை என்றார். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்று வேலையாகத்தான் பட்டது.

தொடக்கத்தில் இந்தத் துறையில் சுகதேகிகளான மாணவர்களைத்தான் பிடித்துப் படுக்க வைத்தார்களாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓர் ஊசி. குத்தியதும் மூளையில் எந்த இடம் மாறுகிறது என்று பார்ப்பது. நோவே இல்லாதவனுக்கு ஊசி குத்தி, நோ எப்படிக் குறைகிறது என்றா பார்த்தார்கள் என்று கேட்டேன். தொத்தோரெஸா சிரித்துவிட்டார். இப்போது ஆராய்ச்சிக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். இப்போதைய போக்கு வேறு. நாள்பட்ட முதுகு வலிக்காரர், முழங்கால் தேய்ந்தவர், ஒற்றைத் தலையிடியால் அவதிப்படுபவர் என்று உண்மையான நோயாளிகளை எடுக்கிறார்கள். பல வாரங்களுக்கு ஊசி போட்டு, முன்னும் பின்னும் ஸ்கான் எடுக்கிறார்கள். ஆள் சும்மா கிடக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து இயங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஊசி யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று ஸ்கானை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றும் தேடுகிறார்கள்.

போலி ஊசி என்று ஒன்றையும் எடுத்துக் காட்டினார். நாடகத்தில் குத்துகிற கத்தி மாதிரி, அழுத்தினால் பிடிக்குள் போய்விடும், தோலில் இறங்காது. ஆராய்ச்சிக்கு வருபவர்களில் சிலருக்கு அதுதான். அதற்கும் பலருக்கு நோ குறைந்துவிடுகிறதாம். நம்பிக்கை எவ்வளவு, ஊசி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் மூளைக்குள் போகிறார்கள். எல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சிகள், ஒன்று சொல்வதை மற்றது சொல்வதில்லை என்று அவரே அலுத்துக்கொள்வார். அந்த இயந்திரத்தின் காந்தத்தைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும், அந்த அறைக்குள் நிலம் துடைக்கிற இரும்பு வாளியைக்கூடக் கொண்டுபோகக் கூடாது, இழுத்து அடித்துவிடும் என்பார்.

இவருக்கு அப்போது நாரி நோ, இடுப்பு வலி. இவர் என்றால் என் கணவர். நான் முதலில் வந்துவிட்டேன். போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு இவரை வன்னியிலிருந்து கூப்பிட்டேன். நகர ஓரத்துச் சியாகுல்லியில் மந்தரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. அந்தப் பழம் மற்ற இடங்களில் எல்லாம் முடிந்த பிறகுதான் பழுக்கும். குனிவது, நிமிர்வது, பெட்டி தூக்குவது என்று இவருடைய இடுப்பு கட்டையாகிவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து எழும்ப நான் கை கொடுக்க வேண்டும். சப்பாத்துக் கயிறு கட்டுவதும் நான்தான். வேறு ஆள் பார்க்கப் போகிறேன் என்று முதலாளி சொல்லத் தொடங்கியிருந்தார். இவர் வீட்டில் குந்திக்கொண்டு இருக்கக்கூடிய மனிதர் இல்லை. வேலை இல்லாத இவரை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தொத்தோரெஸாவின் புதிய ஆராய்ச்சி நாள்பட்ட முதுகு வலியைப் பற்றியது. இவரைச் சேர்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். சேர்க்கலாம், ஆனால் முதலில் ஸ்கான், அது இல்லாமல் ஊசி இல்லை என்றார். உண்மை ஊசியா போலி ஊசியா என்பதையும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் வந்து சொன்னேன். போலியாக இருந்தாலும் குறைந்தால் சரி, நீ பூசிவிடுகிற தைலத்தை விட மோசமாகவா இருக்கப்போகிறது என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததும் இவருக்கு நாரி பிடித்துக்கொண்டது.

ஸ்கான் எடுக்கிற நாளில் மொழிபெயர்க்க நானும் போனேன். இயந்திரத்தை இயக்குபவர் நடு வயது மனிதர், பொறுமையானவர். ஒவ்வொன்றாகக் கேட்டார். இதயத்தில் கருவி வைத்திருக்கிறதா? சத்திர சிகிச்சை செய்து உள்ளே ஏதாவது விட்டிருக்கிறார்களா? நான் தமிழில் சொல்ல, இவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். அடுத்தது, உடம்புக்குள் உலோகத் துண்டு, குண்டுச் சிதறல் ஏதாவது உண்டா என்ற கேள்வி. நான் வாயைத் திறக்கும் முன்பே இவர் நேரே அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, இத்தாலிய மொழியிலேயே, தெளிவாக, "நோ" என்றார்.

அந்த 'இல்லை'யை எனக்குத் தெரியும். வன்னியிலிருந்து வந்த எல்லோரிடமும் அது இருக்கிறது. சோதனைச் சாவடியில், முகாமில் எல்லாம் ராணுவக்காரர்கள் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். உடம்பில் காயம் இருந்தால் நீ இயக்கத்துப் போராளி. அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு போனபோது பட்டது என்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் உடம்பைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவிடுவது, யோசிப்பதெல்லாம் பிறகு. இவருடைய முதுகில், தோள்மூட்டுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்படும். வந்த புதிதில் நான் தொட்டபோது, ஷெல் பீஸ் ஒன்று கிடக்கிறது, அதை விடு என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மோதிரம், மணிக்கூடு, இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார் அந்த மனிதர். இவர் ஒன்றும் நடக்காத மாதிரி கழற்றி வைத்துவிட்டு, தந்த அங்கியை மாட்டிக்கொண்டார். எனக்குப் பயமும் வந்தது, கோபமும் வந்தது.

"முதுகில கிடக்கிறதையும் கழட்டித் தட்டில வைக்கப் போறியளோ?" என்றேன்.

"பேசாமல் இரு. எழுதி வைப்பினம். ஒருக்கா எழுதினா அது எங்கையெல்லாம் போகுமெண்டு உனக்குத் தெரியாது."

இது ஆஸ்பத்திரி, பொலிஸ்காரரின் குவெஸ்தூரா இல்லை என்றேன். முகாமில் கேட்டவர்களும் வெள்ளைக் கோட்டுத்தான் போட்டிருந்தார்கள் என்றார் இவர். காந்தத்தைப் பற்றிச் சொன்னேன், வாளியைப் பற்றிச் சொன்னேன், உள்ளே கிடக்கிற இரும்பு அசைந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். இவர் அசையவில்லை. எங்கள் சண்டை விளங்காமல் அந்த மனிதர் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். இயந்திரக் குழாய்க்குள் போகப் பயப்படுகிறார் என்று நினைத்திருப்பார் போல. பலருக்கும் பயம்தான், கையில் ஒரு மணி தருவோம், அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவோம் என்று ஆறுதல் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றேன்.

இவர் ஆஸ்பத்திரி அங்கியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தார். பிறகு தோட்டத்தில் பொறுக்கிய இத்தாலிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக, "ஃபெர்ரோ. தென்த்ரோ. குவெர்ரா" என்றார். இரும்பு, உள்ளே, போர். இடத்தைக் காட்டக் கையைப் பின்னால் கொண்டுபோனார், எட்டவில்லை. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

அந்த மனிதர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு தொத்தோரெஸாவைக் கூப்பிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒன்று தோளுக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு இருந்தன; அவை இவருக்கே தெரியாது. யாருடையதும் இல்லாத நிறம் பூசிய மூளைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, அது இவருடைய முதுகு என்பது தாங்க முடியாமல் இருந்தது. தொத்தோரெஸா படத்திலிருந்து இவர் பக்கம் திரும்பினார். எங்கே அழுத்தினால் நோகிறது, எப்போதிலிருந்து நோகிறது என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஸ்கான் எடுக்கவே முடியாது, ஆகவே ஆராய்ச்சியிலும் சேர்க்க முடியாது என்றார். வலிச் சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லி வைப்பதாகவும், அங்கே ஸ்கான் இல்லாமலே ஊசி போடக்கூடும் என்றும், அது கேட்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். கைக்கு எட்டிய ஊசி போய்விட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

பஸ்ஸில் இவர் யன்னல் பக்கம் உட்கார்ந்தார். பிறகு, அந்த தொத்தோரெஸா ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றார். என்ன கேட்க வேண்டும் என்றேன். எங்கே பட்டது, எப்படிப் பட்டது, நீ யார் என்றெல்லாம் கேட்பார்கள்தானே என்றார். அவ வலிக்கு வைத்தியம் பார்க்கிறவ, வலியைப் பற்றித்தான் கேட்பா என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயும் கேக்கேல்லை."

"நீங்கள்தானே விடு எண்டனீங்கள்."

"ஓம்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இவர் சொல்லத் தொடங்கினார். காயம் பட்ட அன்றைய காலையிலிருந்து தொடங்கினார். பதுங்கு குழிக்குள் யார் யார் இருந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது என்று ஒவ்வொன்றாக, முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்தது. நான் மணியை அழுத்தவில்லை. சொல்லிக்கொண்டிருந்த கதையில் இவர் அப்போதுதான் பிளாஸ்டிக் கான்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் அள்ளப் பதுங்கு குழிக்கு வெளியே வந்திருந்தார்.