ரெண்டு செட் இருக்கா அக்கா?

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது போன வருடம் ஆவணி மாதம், பெரம்பலூர் நான்கு ரோட்டுப் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில். நடந்தது எனக்கு. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அன்றைய வீடியோ நாற்பத்து மூன்று நிமிடம். இன்னும் என் பேஜில்தான் இருக்கிறது. யார் கண்ணிலும் படாதபடி மறைத்து வைத்திருக்கிறேன். அழிக்கத்தான் கை வரவில்லை.

என் பெயர் சுகன்யா. ஆன்லைனில் கவரிங் நகை விற்கிறேன். வாரத்தில் மூன்று நாள் இரவு ஒன்பது மணிக்கு லைவ் போடுவேன். பெண்கள் சமையல், பாத்திரம் எல்லாம் முடித்து ஃபோனைக் கையில் எடுப்பது அப்போதுதான். கெம்பு செட், ஏ.டி. என்கிற போலி வைரக் கல், ஆன்டிக், ஆக்சிடைஸ்டு... எதைப் பார்த்தாலும் காதில் ஒரு தடவை வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஒல்லி முகத்துக்குப் பெரிய குடை ஜிமிக்கி போட்டால் முகமே காணாமல் போய்விடும். பச்சைப் புடவைக்குப் பச்சைக் கல் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவப்புக் கல் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள். நகை விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கஸ்டமர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

என் நாத்தனாருக்குப் பிடிக்காது. விசேஷ வீட்டில் நான் நுழைந்ததும், "அண்ணி வந்தா கவரிங் கடையே நடந்து வருது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். வாழ்க்கையில் ஒரே ஒரு ஜோடி நிஜ வைரம் போட்டுவிட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது அப்படித்தான்.

முருகையன் என்று அரியலூரில் ஒரு தரகர். பழைய நகைகளை வாங்கி விற்றுக்கொடுப்பவர். ஒரு திங்கட்கிழமை அவர் கொண்டுவந்தார், ஏழு கல் வைரத்தோடு ஒரு ஜோடி. ஏ.டி. கல் மாதிரி பளபளவென்று கத்தவில்லை. அமைதியாக இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பியதும் ஒரு நீல வெட்டு... அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன்.

"திருமானூர் பக்கம் ஒரு குடும்பத்து நகைம்மா. மூணு நாள் வச்சுப் பாரு. சேந்தா எடுத்துக்க. சேரலன்னா குடுத்துடு" என்றார்.

எங்கள் பக்கம் வைரத்தைக் கண்டதும் வாங்கிவிட மாட்டார்கள். எல்லோருக்கும் சேராது. மஞ்சள் துணியில் முடிந்து, மூன்று இரவு தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். கெட்ட கனவு வந்தாலோ, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த மூன்று நாள் முடியும்வரை காதில் போடவே கூடாது.

என் கணவர் அருள்முருகனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. அந்த வாரம் நைட் ஷிஃப்ட். இரவில் வீட்டில் நானும் என் மகள் நிறைமதியும் மட்டும். மதிக்கு ஐந்து வயது. காது குத்தி இரண்டு மாதமாகியும் வலது காதுப் புண் ஆறவில்லை. சீழ் வைத்துவிட்டது. தோட்டைக் கழற்றிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது. எங்கே கழற்றுவது? காதுப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவாள். எனக்கு மனசு கேட்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

முதல் இரவு கனவே இல்லை. காலையில் துணியை எடுத்தேன். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. பிரித்தேன். வலது தோட்டின் திருகு கழன்று தனியாகக் கிடந்தது. இரண்டையும் இறுக்கி வைத்த ஞாபகம் எனக்கு நன்றாக இருந்தது. சரி, பழைய மரை, தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மதியம் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் தோட்டைப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். இடது தோட்டில் வழக்கமான கறுப்பு அழுக்கு. வலது தோட்டின் மரையைத் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. மோந்து பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு வாசனை. பழைய குங்குமம் போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கொட்டினேன்.

அன்று இரவு 2.10. சத்தம் கேட்டு விழித்தேன்.

கிர்ர்... கிர்ர்...

எண்ணெய் போடாத திருகைச் சுற்றுகிற சத்தம். தலையணைக்கு உள்ளேயிருந்து வந்தது. தலையைத் தூக்கினால் நின்றது. தலையை வைத்தால் மறுபடியும்... கிர்ர்... ஃபேன் சத்தம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

காலையில் எழுந்தபோது என் வலது காது மடல் வீங்கி வலித்தது. இடது காதில் ஒன்றும் இல்லை.

அன்றே பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். புத்தி சொன்னது. ஆசை விடவில்லை. இன்னும் ஒரு இரவுதானே என்று இருந்துவிட்டேன். அதோடு விட்டேனா? மூன்றாம் நாள் புதன்கிழமை, லைவ் போடும் நாள். நூறு பேர் பார்க்கப்போகிறார்கள். ஏ.டி. கல் தோடுகளுக்கு நடுவில் இதையும் போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன தெரியும்? போட்டுக்கொண்டேன். அந்தத் தப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எனக்கு முன்னால் ரிங் லைட், ஸ்டாண்டில் ஃபோன். ஆர்டர் எடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஃபோன். எனக்குப் பின்னால் கட்டில். கட்டிலில் மதி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்று சொல்லிவிடுகிறேன். லைவில் நான் செய்வது பார்க்கிறவர்களுக்கு உடனே தெரியாது. பத்துப் பன்னிரண்டு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

9.05க்கு ஆரம்பித்தேன். கெம்பு அட்டிகை ஓடியது. முத்து மாலை ஓடியது. எல்லோரும் கலகலப்பாக இருந்தார்கள்.

9.31. ஒரு கமெண்ட்.

"காதுல போட்டிருக்கிற செவன் ஸ்டோன் சூப்பர். ரெண்டு செட் இருக்கா அக்கா?"

"ஒரு செட்டுதான்ம்மா. அதுவும் விக்கிறதுக்கு இல்ல" என்றேன்.

"பின்னாடி நிக்கிற அக்காவும் அதேதானே போட்டிருக்காங்க?"

திரையைப் பார்த்தேன். நான் இருந்தேன். கட்டில் இருந்தது. மதி இருந்தாள். கொடியில் என் புடவை தொங்கியது. சிரித்துவிட்டேன்.

"அது கொடியில காயிற பொடவைம்மா."

9.34. வேறு ஒரு பெண்.

"ஒரு காதுல மட்டும்தான் போட்டிருக்காங்க. இடது காதுல."

9.35. மூன்றாவது ஆள்.

"வலது காது என்னாச்சு அவங்களுக்கு? கிழிஞ்சு தொங்குதே..."

இந்த மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒருத்தி துறையூர். ஒருத்தி ஜெயங்கொண்டம். மூன்றாமவள் சிங்கப்பூர்.

சிரிப்பு நின்றுவிட்டது. கையில் வைத்திருந்த வளையலைக் கீழே வைத்தேன். அப்போது என் வலது காது கனத்தது. தோட்டை யாரோ இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பது போல. விரல் ஈரமாக இருந்தது.

9.37. "குனிஞ்சு உங்க தோட்டைப் பாக்குறாங்க அக்கா."

கனம் குறைந்தது.

9.38. "இப்ப கட்டில்கிட்ட போயிட்டாங்க."

இப்போது என்று அவர்கள் எழுதுவது, இங்கே பத்து நொடிக்கு முன்னால் நடந்து முடிந்தது.

திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

9.39. ஆர்டர் ஃபோன் அடித்தது. ஹுஸ்னா அக்கா. லப்பைக்குடிகாட்டில் இருக்கும் பழைய கஸ்டமர்.

"சுகன்யா."

"ம்..."

"புள்ளைய தூக்கு."

"அக்கா, என்ன..."

"யா அல்லா... மொதல்ல புள்ளைய தூக்கு!"

திரும்பினேன்.

மதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

கண் மூடியிருந்தது.

தலையை இடது பக்கம் சாய்த்திருந்தாள். தோடு கழற்ற இன்னொருவருக்குக் காதைக் காட்டும்போது சாய்ப்போமே... அப்படி.

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

காதை மறைத்த முடி தானாக ஒதுங்கியது.

கிர்ர்... கிர்ர்...

டிக்.

"மதி" என்றேன். சத்தம் வரவில்லை.

அவள் தலையை மறுபக்கம் சாய்த்தாள்.

கிர்ர்...

டிக்.

எப்படி எழுந்தேன், எப்படிக் குழந்தையை வாரினேன் என்று தெரியாது. மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டுக் கதவைத் தட்டியதுதான் ஞாபகம் இருக்கிறது. அவர் கீழே இறங்கிப் போய் லைவை நிறுத்தியபோது மணி 9.48. வீட்டில் யாரும் இல்லை என்றார். என் காதில் இருந்த தோட்டை அவர் மனைவிதான் கழற்றிவிட்டார்.

மதியின் இரண்டு காதும் காலியாக இருந்தன. கட்டில், தரை, போர்வை, எல்லா இடத்திலும் தேடினோம். விடிந்த பிறகு கிடைத்தது. என் தலையணைக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்து இருந்தது அவளுடைய தோடு. திருகு இறுக்கியிருந்தது.

பால் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"தோட்ட யாரு கண்ணு கழட்டுனா?"

"பெரியம்மா."

"எந்தப் பெரியம்மா?"

தோளைக் குலுக்கினாள்.

"வலிச்சுதா?"

"இல்ல. மெதுவா கழட்டுனாங்க. கத்தாதன்னாங்க. கத்துனாலும் யாருக்கும் கேக்காதாம்."

அன்று மதியம் அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. 103. ஊசி போட்டும் இறங்கவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. தூக்கத்தில் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள், மறுபக்கம் சாய்ப்பாள். என் பிள்ளை எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்து அழுதேன். நாத்தனாரிடம் பெருமை காட்ட ஆசைப்பட்டு, பெற்ற பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டேன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் எந்தப் பெண்ணும் இல்லை. கமெண்ட்கள் மட்டும் அப்படியே இருந்தன.

முருகையன் ஃபோனை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை மதியைக் கணவரிடம் விட்டுவிட்டு அரியலூர் போனேன். முருகையன் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவியிடம் அந்தக் குடும்பத்தின் விலாசத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திருமானூர். அங்கிருந்து ஆட்டோ. கரும்புத் தோட்டத்தை ஒட்டிப் பெரிய மாடி வீடு. மலர்கொடி என்கிற மருமகள் மட்டும் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். நகைப் பெட்டியைத் திறந்து தோட்டைக் காட்டினேன். ஒரு அடி பின்னால் போனாள்.

"வித்தாச்சுன்னு சொன்னாரே எங்க வூட்டுக்காரரு..."

நடந்ததைச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒங்க புள்ளைக்கு ரத்தம் வந்துச்சா?"

"ஒரு சொட்டுகூட வரலைங்க."

அவள் முகம் உடைந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்ப எங்க அத்தைதாங்க அது. அவங்க கை அவ்வளோ மெதுவு" என்றாள். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி 12.20. என் ஃபோன் அடித்தது. அருள்முருகன். "காய்ச்சல் விட்டுடுச்சு சுகன்யா. வேர்த்துக் கொட்டிச்சு. எந்திரிச்சு ஒக்காந்து இட்லி கேக்குறா."

போன உயிர் திரும்பி வந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மலர்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயாச்சும் சொல்லணுங்க எனக்கு. ஏழு மாசமா தூக்கமே இல்ல."

அவள் மாமியார் பெயர் ரத்தினம்மாள். ஐம்பத்திரண்டு வயது. தை மாதம் ஒரு நாள் காலை கொல்லையில் மயங்கி விழுந்தாராம். மூச்சு இல்லை என்று யாரோ சொன்னார்கள். டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் வருவதற்குள் நகையைக் கழற்றிவிட வேண்டும் என்று மகன் அவசரப்பட்டார். இடது தோடு வந்துவிட்டது. வலது தோட்டின் திருகு சுற்றவில்லை.

"இழுத்துட்டாருங்க" என்றாள். "பதினோரு மணி இருக்கும். காது கிழிஞ்சுடுச்சு. நான்தான் துண்ட வச்சு அமுக்கிப் புடிச்சேன்."

கேட்டைப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு மணிக்குத் துண்டு மாத்துனேன். முழுக்க நனைஞ்சிருந்துச்சு. அவருகிட்ட சொன்னேன். வாய மூடுன்னாரு. ரெண்டரைக்கு இன்னொரு துண்டு மாத்துனேன். மூணரைக்கு எடுத்துட்டாங்க."

மேலே கேட்கப் பயமாக இருந்தது. அவளேதான் சொன்னாள்.

"தூக்குறப்ப மூணாவது துண்டும் என் கையில இருந்துச்சுங்க. அதுவும் நனைஞ்சுதான் இருந்துச்சு... சூடா இருந்துச்சு."