நாச்சிக்கு ஒரு இலை

ஈர மண்ணைத் தேங்காய்த் தொட்டியில், அதுதான் கொட்டாங்குச்சியில், அழுத்தி, பூவரச இலைமேல் கவிழ்த்துத் தட்டினால் ஒரு வாசனை எழும். கொஞ்சம் புளிப்பாக, பழைய சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் இருக்கும். எனக்கு அது என் தங்கை நாச்சியின் வாசனை. ஆறு வயதில் எனக்கிருந்த ஒரே வேலை அவளுக்கு மண்சோறு ஆக்கிப் போடுவதுதான். நான்கு வயதுக்காரி, ஒரு தொட்டிச் சோறு போதாது அவளுக்கு, "இன்னுங் கொஞ்சம்" என்று கையை நீட்டிக்கொண்டே இருப்பாள். சாப்பாட்டு ராமன் தோற்றான்!

1930களின் நடுப்பகுதி அது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வீடு. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடிய காலம். அந்தத் தடவை அவர் முதலில் பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்களுக்கெல்லாம் தோளில் குத்திவிட்டார். தோள் வீங்கிச் சீழ் வைத்து, மூன்று நாள் காய்ச்சலில் நான் அனத்தியதைப் பார்த்து அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. பிறகு அவர் வீடுவீடாக வந்தபோது, நாச்சியைத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, கண்ணாமூச்சி என்று எங்களிடம் சொன்னாள். சின்னது எங்கே என்று அவர் கேட்டதற்கு, மாமன் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னது நான்தான். கெட்டிக்காரி என்று அம்மா ஒரு துண்டு கருப்பட்டி தந்தாள்.

அந்தக் கோடையிலேயே நாச்சிக்கு அம்மை வார்த்தது. எனக்கு வரவில்லை. பதினோராம் நாள் அவள் போய்விட்டாள். அம்மையில் போன பிள்ளைக்கு அழக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "மாரியாத்தா எடுத்துக்கிட்டா கண்ணு, அழுதா அவ கோவிச்சுக்குவா" என்று பெரியவர்கள் என் வாயை அடைத்தார்கள். அம்மாவும் அழவில்லை, மறுநாளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன், பாவி நான். மாதக்கணக்கில் அவள் முகம் பார்த்துப் பேசவில்லை.

எங்கள் சின்ன வகுப்புக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கிறிஸ்தவ டீச்சரம்மா வந்திருந்தார். இருபது வயது இருந்தால் அதிகம். காலையில் மணலில் எழுத்துப் பழக்கிவிட்டு, மத்தியானம் வேப்பமரத்தடியில் எங்களை விளையாட விட்டுவிடுவார். படிக்க அனுப்பினால் மண்ணள்ள வைக்கிறார்கள் என்று ஊரில் ஒரே பேச்சு. நான் தினமும் இரண்டு இலை போட்டு, ஒன்றின் முன்னால் யாரையும் உட்கார விடமாட்டேன். செத்தவளுக்குச் சோறு போடுகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் பயந்து விலகின. டீச்சரம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல், தினம் ஒரு பூவரச இலையைப் பறித்து, துடைத்து, நாச்சியின் இடத்தில் வைப்பார்.

ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிடச் சீக்கிரமே வந்துவிட்டாள். யாருக்கு இந்த இலை என்று கேட்டாள். நாச்சிக்கு என்றேன், தலை நிமிராமல். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா அந்த இலைக்கு எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மண்சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வையி கண்ணு. அவளுக்கு இது பத்தாது."

வைத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள். "நாந்தானே ஒளிச்சு வெச்சுப்போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். பொய் சொன்னது நான் என்று நானும் அவள் மடியில் விழுந்து அழுதேன். டீச்சரம்மா மற்றப் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்று அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, வேப்பமரமும் இல்லை. அந்தப் பெரியம்மை நோய் உலகத்தை விட்டே போய்விட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் தோளில் அம்மை குத்தின தழும்பு மட்டும் இருக்கிறது. இருந்தவரைக்கும், எனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம், நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும்கூட, அம்மா அதை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். பிறகு, "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்பாள்.