தங்கையிடம் கேட்ட கேள்வி

நானும் தங்கையும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். நான் கொழுகொழுவென்று பிறந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கைக்குள் அடங்குகிற அளவில் வந்தாள். 'வயித்துக்குள்ளயே தங்கச்சியின்ர பங்கையும் திண்டவள்' என்று கொட்டாஞ்சேனை வீட்டில் என்னைப் பகிடி பண்ணாத ஆளில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன், கெட்டிக்காரத்தனம் ஏதோ செய்துவிட்டவள் மாதிரி.

வேலைக்குப் போகத் தொடங்கிய வயதில் தங்கை படுக்கையை விட்டு எழும்பாமல் மாதக்கணக்கில் கிடந்தாள். கதவு தட்டினாலே நடுங்குவாள். மருந்தால்தான் தேறினாள், இன்றைக்கும் மருந்து எடுக்கிறாள். என் கலியாணப் பேச்சில் இதைப் பற்றி நாங்கள் மூச்சே விடவில்லை. கூச்ச சுபாவம் என்று சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் என்னத்தை மறைத்தார்களோ, யார் கண்டது! என் கணவரும் அவளைக் கூச்சக்காரி என்றே நம்பியிருந்தார்.

போன மாதம் வெள்ளவத்தையில் எனக்கு ஸ்கேன். வயிற்றுப் பிள்ளை வளரவேண்டிய அளவுக்கு வளரவில்லை என்று முதலே சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு என்னோடு கணவர் வந்தார், தங்கையும் அங்கே வந்து சேர்ந்தாள். சனநெரிசல் என்றாலே வேர்த்துக் கொட்டுகிறவள், ஒருவரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்திருந்தாள். என்னில் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

டொக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

"நஞ்சுக்கொடியால போற இரத்தம் பிள்ளைக்குக் காணாது. கிடைக்கிறதைப் பிள்ளை முதல்ல மூளைக்குத்தான் அனுப்பும். அப்படியிருந்தும் மூளையில செல்கள் ஒண்டுக்கொண்டு செய்தி குடுக்கிற விதம் கொஞ்சம் மாறலாம். வளர்ந்தாப் பிறகு சிலருக்குப் பதற்றம், மனச்சோர்வு வாற வாய்ப்பு மற்ற ஆக்களை விடக் கூட. எல்லாருக்கும் வராது. தாயின்ர பிழையும் இல்லை. தெரிஞ்சா நாங்கள் முதல்ல இருந்தே கவனிக்கலாம், அவ்வளவுதான்."

கணவர் சூழ்நிலையை இலேசாக்க நினைத்தார்போல.

"இவ இரட்டை, டொக்டர். தங்கச்சியின்ர பங்கையும் திண்டுட்டுத்தான் பிறந்தவ" என்று தங்கையைக் காட்டினார்.

டொக்டரம்மா சிரிக்கவில்லை. தங்கையின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு அப்படி ஏதும் இருந்ததா?"

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

"இல்லை டொக்டர், அவ நல்லாத்தான் இருக்கிறா" என்றேன் நான்.

வாய் கூசவில்லை. என் பிள்ளைக்காகக் கேட்ட கேள்வி அது. அதற்குப் போய், கலியாணப் பேச்சில் சொன்ன பொய்யையே திருப்பிச் சொன்னேன். தங்கை வாயை மூடிக்கொண்டு மடியில் இருந்த பையைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை. டொக்டரம்மா அடுத்த ஸ்கேனைப் பற்றிக் கதைக்க, நான் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கணவர் ஆட்டோ பிடிக்கப் போனார். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் காலி வீதியில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் அதைச் சொல்லத்தானே வந்தனான். டொக்டர் எழுதித்தந்த மருந்துத் துண்டையும் கொண்டந்தனான்."

அவளுக்குக் கோபமிருந்தால் சண்டை பிடித்தாவது தப்பியிருப்பேன். அவளிடம் கோபமே இல்லை.

"பிள்ளையும் என்னைப் போல வந்தா, அதையும் ஆக்களுக்கு ஒளிப்பியோ?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. கணவர் ஏறச் சொன்னார். நான் ஏறவில்லை.

"டொக்டரிட்ட நான் பொய் சொல்லிப்போட்டன். உங்களிட்டயும்தான். திரும்பப் போகவேணும்" என்றேன்.

அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். தங்கை எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிப் படியேறத் தொடங்கியிருந்தாள்.